துறைமுகத்தில் தேங்கிய எஞ்சின்கள்

1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் ஏறக்குறைய இருநூறு மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் கப்பலேறாமல் தேங்கிப்போயின. அத்தனையும் ராயல் என்ஃபீல்டின் 736 சிசி இரட்டை சிலிண்டர் இன்டர்செப்டர் எஞ்சின்கள். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் கொடுத்தவர் இறந்துவிட்டார். சரக்கை வைத்துக்கொண்டு தவித்த பர்மிங்காம் ஏற்றுமதி முகவர்கள் கடைசியில் ரிக்மேன் சகோதரர்களை அணுகினார்கள். அவர்கள் தங்கள் ஃபிரேமில் அந்த எஞ்சின்களைப் பூட்டி, ரிக்மேன் இன்டர்செப்டர் என்று விற்றார்கள். என்ஃபீல்ட் பற்றிய ஆங்கில வரலாறுகள் இவ்வளவையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு ரிக்மேன் வண்டியின் அழகைப் பேசப் போய்விடுகின்றன. எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்ட முடியவில்லை. ஆர்டர் கொடுத்துவிட்டு இறந்துபோன அந்த மனிதர் யார்?

நான் தேடிக்கொண்டிருந்தது வேறு. 1955இல் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய திருவொற்றியூர் தொழிற்சாலை, தாய்க் கம்பெனி மூடிய பிறகும் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் என் கேள்வி. அதற்காக இங்கிலாந்துக் கம்பெனியின் கடைசி ஆண்டுகளைப் படித்து வந்தபோதுதான் இந்த அமெரிக்கர் குறுக்கே வந்தார். பெயர் ஃப்ளாய்ட் கிளைமர். ஊர் லாஸ் ஏஞ்சலஸ்.

இருநூறு எஞ்சின் வாங்குகிறவர் மோட்டார் சைக்கிள் கம்பெனி முதலாளியாக இருப்பார் என்ற எண்ணத்தோடுதான் நூலகப் பட்டியல்களில் அந்தப் பெயரைத் தட்டினேன். வந்து குவிந்தவை புத்தகங்கள். பழைய கார் விளம்பரத் தொகுப்புகள், இண்டியானாபோலிஸ் பந்தய மலர்கள், பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப், நார்ட்டன் வண்டிகளுக்கான ரிப்பேர் கையேடுகள், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி பற்றி ஒரு நூல், நீராவிக் கார்களுக்கென்றே தனித் தொகுப்பு. நூற்றுக்கணக்கான தலைப்புகள். சிலவற்றில் அவர் ஆசிரியர், பலவற்றில் பதிப்பாளர். இவை போதாதென்று, அமெரிக்காவின் பெரிய மோட்டார் சைக்கிள் மாத இதழ்களில் ஒன்றான 'சைக்கிள்' பத்திரிகையை 1966 வரை நடத்தியவரும் இவரே.

பத்திரிகைக்காரருக்கு எஞ்சின் எதற்கு? அதை அறிய அவர் அச்சிட்டவற்றைக் கால வரிசையில் அடுக்கிப் பார்ப்பதே வழி. அடுக்கத் தொடங்கியதும் முதல் சிக்கல் வந்தது. கிளைமர் வெளியீடுகள் பலவற்றில் ஆண்டு அச்சாகவில்லை. விலைப்பட்டியல் இருக்கும், அடுத்து வரப்போகும் நூலின் விளம்பரம் இருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது.

கைகொடுத்தது முகவரி. அமெரிக்கத் தபால் துறை 1943இல் பெரிய நகரங்களுக்கு மண்டல எண் கொடுத்தது. 1963 ஜூலையில் அதை மாற்றி ஐந்து இலக்க ஜிப் எண் கொண்டுவந்தது. கிளைமரின் நூல்களில் மூன்று முகவரிகள் வருகின்றன. முதலில் மேற்கு பிக்கோ வீதி. அடுத்து தெற்கு அல்வராடோ வீதி, லாஸ் ஏஞ்சலஸ் 6. அதற்கும் பிறகு 222, வடக்கு விர்ஜில் அவென்யூ. இந்த விர்ஜில் முகவரியிலும் இரண்டு வகை உண்டு. 'லாஸ் ஏஞ்சலஸ் 4' என்று போட்டிருந்தால் 1963க்கு முந்தைய அச்சு. '90004' என்று இருந்தால் பிந்தையது. ஆண்டில்லாப் புத்தகங்களைக் காலத்தில் நிறுத்த இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

1960களின் இறுதியில் வந்த மோட்டார் சைக்கிள் விளம்பரங்களைப் புரட்டியபோது அதே 222, வடக்கு விர்ஜில் அவென்யூ மீண்டும் எதிர்ப்பட்டது. இம்முறை அது இருந்தது ஜெர்மனியில் செய்த 'மூன்ஷ்' என்ற ராட்சத வண்டியின் விளம்பரத்தின் அடியில். ஃப்ளாய்ட் கிளைமர் மோட்டார் சைக்கிள் பிரிவு என்று போட்டிருந்தது. ஆக, ரிப்பேர் கையேடு கேட்டு எழுதினாலும் மோட்டார் சைக்கிள் கேட்டு எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்தது ஒரே கட்டடத்துக்கு.

அந்தக் கட்டடத்திலிருந்து பின்னோக்கி நடந்தேன். கிளைமரின் முதல் பெரிய நூல் 1944இல் வந்த 'வரலாற்று மோட்டார் ஸ்கிராப்புக்'. நூலகப் பட்டியலில் அதன் பதிப்பகம் 'கிளைமர் மோட்டார்ஸ்' என்று இருக்கிறது. அது பதிப்பகத்தின் பெயரே இல்லை, ஷோரூமின் பெயர். 1930களிலிருந்து அவர் லாஸ் ஏஞ்சலஸில் 'இந்தியன்' மோட்டார் சைக்கிள்களின் விநியோகஸ்தர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1901இல் தொடங்கி ஹார்லி டேவிட்சனோடு நேருக்கு நேர் நின்ற கம்பெனி அது. வண்டி விற்ற கடையிலிருந்துதான் புத்தகம் பிறந்திருக்கிறது.

இன்னும் பின்னே போனால் கொலராடோ மாநிலத்தின் பெர்தூட் என்ற சிற்றூர். கிளைமர் 1895இல் இண்டியானாபோலிஸில் பிறந்து பெர்தூடில் வளர்ந்தவர். அப்பா டாக்டர், அந்த ஊருக்கு முதன்முதலில் கார் கொண்டுவந்தவர் அவர்தான். பையன் ஏழு வயதில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டான். பதின்மூன்று வயது ஆகுமுன்பே ரியோ, மேக்ஸ்வெல் கார்களுக்கு ஊரில் டீலர். பிறகு மோட்டார் சைக்கிள் பந்தயம். 1916 ஆகஸ்டில் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் முதல் முறையாக நடந்தபோது மோட்டார் சைக்கிள் பிரிவில் எக்செல்சியர் வண்டியில் வென்றவர் கிளைமர். கிரீலி நகரத்தில் வண்டிக் கடை, கார் கண்ணாடியின் ஊடே பொருத்தும் ஸ்பாட்லைட் என்று ஒரு கண்டுபிடிப்பு, அதைத் தபாலில் விற்கும் வியாபாரம் என்று அடுத்த ஆண்டுகள் ஓடின. பந்தய வீரராக அவருக்கு முன்னாலும் பின்னாலும் பலர் உண்டு. தபாலில் பொருள் விற்கத் தெரிந்த பந்தய வீரர்கள் அதிகம் இல்லை. பதிப்பாளர் கிளைமர் உருவானது இந்தத் தபால் வியாபாரத்தில்தான் என்பது என் கணிப்பு.

ஸ்கிராப்புக் ஏன் அப்படி விற்றது என்பதற்கு அதன் ஆண்டே விடை சொல்கிறது. போருக்காக 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோயிற்று. பெட்ரோல் ரேஷன், டயர் ரேஷன். புதிய வண்டியைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றுமில்லை. ஷோரூம்காரர்களுக்கு விற்கச் சரக்கில்லை. அந்த நேரத்தில் கிளைமர் தன்னிடம் சேர்ந்திருந்த பழைய கார் விளம்பரங்கள், கம்பெனிக் கேட்லாக் பக்கங்கள், புகைப்படங்கள், பந்தயச் செய்திகள் எல்லாவற்றையும் வெட்டி, பக்கம் பக்கமாக ஒட்டி, படமெடுத்து அச்சிட்டார். எழுதுவதற்கு அதிகம் இல்லை. வெட்டுவதும் ஒட்டுவதும்தான் வேலை. மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட கம்பெனிகளின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் மறுபடி உயிர் பெற்றன. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியின் விளம்பரத்தைக் கண்ட வாசகர்கள் அடுத்த தொகுதி எப்போது என்று கேட்டிருக்க வேண்டும்; தொகுதிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. 1950இல் மெக்ரா ஹில் போன்ற பெரிய பதிப்பகமே அவரைக் கொண்டு பழைய அமெரிக்கக் கார்களுக்கு ஒரு தொகுப்பு போட்டது.

ஆய்வாளனாக இந்தத் தொகுதிகளின் மீது எனக்குக் கோபமும் உண்டு, நன்றியும் உண்டு. ஒரு பக்கத்தில் கார் விளம்பரம், பக்கத்திலேயே துணுக்கு, கீழே எங்கோ எடுத்த படம். அகர வரிசை கிடையாது, கால வரிசை கிடையாது. ஒரு விளம்பரம் எந்த இதழில் எந்த மாதம் வந்தது என்று தேடினால் பல இடங்களில் வழியே இல்லை. மூலத்திலிருந்து வெட்டிய அந்தக் கணமே ஆவணம் தன் பிறப்புச் சான்றிதழை இழந்துவிடுகிறது. ஆனால் அவர் வெட்டாமல் இருந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி போருக்காகப் பழைய காகிதம் திரட்டிய இயக்கத்தில் கரைந்து போயிருக்கும். பழைய கார்களைப் பற்றிய எழுத்தை ஒரு வாசகச் சந்தையாக அமெரிக்காவில் நிலைநாட்டியதில் கிளைமருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போர் முடிந்ததும் அச்சகம் நிற்கவில்லை. 1946இலிருந்து 1960களின் இறுதிவரை இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கு ஆண்டு மலர். 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழில் புதிய கார்களைப் பற்றிய உரிமையாளர் அறிக்கைகள். கார் வாங்கியவர்களிடமே கேள்வித்தாள் அனுப்பி, அவர்கள் சொன்ன குறை நிறைகளைத் தொகுத்து, கூடவே தான் நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்த அனுபவத்தையும் சேர்த்து எழுதும் முறை அது. வண்டியின் தரத்தை வாங்கியவரைக் கேட்டுச் சொல்வது இன்று சாதாரணம். அன்று அதை லட்சக்கணக்கான வாசகர்களிடம் கொண்டுபோனவை கிளைமரின் கட்டுரைகள்.

ரிப்பேர் கையேடுகளுக்கு வேறொரு பாதை. லண்டன் பிட்மன் பதிப்பகம் மெக்கானிக் அல்லாதவர்களுக்காக வெளியிட்டு வந்த சிறு மோட்டார் சைக்கிள் நூல்களை அவர்களோடு சேர்ந்து அமெரிக்காவில் கிளைமர் வெளியிட்டார். பிரிட்டிஷ் வண்டிகள் அமெரிக்காவில் நன்றாக விற்ற காலம். டீலர் தொலைவில் இருப்பார், வால்வு இடைவெளி எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் வண்டிக்காரர் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தபாலில் வந்து சேர்ந்தது அந்த மெல்லிய புத்தகம். கிளைமரின் வெளியீடுகளில் மிக அதிகம் உழைத்தவை இவைதான். கிரீஸ் கறை படியாத பழைய பிரதி கிடைப்பது அரிது.

'சைக்கிள்' இதழுக்கு வருவோம். 1950இல் ராபர்ட் பீட்டர்சன் அதைத் தொடங்கினார். 'ஹாட் ராட்' இதழைக் கொண்டுவந்த அதே பீட்டர்சன். சில ஆண்டுகளுக்குள் இதழ் கிளைமரின் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனை மந்தமாக இருந்த காலம் அது. 1953இல் ஸ்பிரிங்ஃபீல்டின் இந்தியன் தொழிற்சாலையே மூடப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஓர் இதழை மாதாமாதம் கொண்டுவந்தது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதழின் உரிமையாளர், ஆசிரியர், கையேடு விற்பவர், பின்னாளில் வண்டி இறக்குமதி செய்பவர் எல்லாம் ஒருவரே என்றால், அந்த இதழ் வண்டிகளைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பை வாசகர் எவ்வளவு நம்புவது? அக்காலத்து அமெரிக்க மோட்டார் சைக்கிள் இதழ்கள் விளம்பரம் கொடுப்பவர்களிடம் மென்மையாகவே நடந்துகொண்டன. 1962இல் ஜோ பார்க்ஹர்ஸ்ட் 'சைக்கிள் வேர்ல்ட்' தொடங்கி, குறையைக் குறையென்று எழுதும் ரோட் டெஸ்ட்டுகளை வெளியிட்ட பிறகுதான் வாசகர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. இதழியல் நேர்மையில் பார்க்ஹர்ஸ்ட்டைக் கிளைமருக்கு மேலேதான் வைப்பேன்.

1959இல் ஹோண்டா லாஸ் ஏஞ்சலஸில் கடை திறந்தது. சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் சந்தை விரிந்தது, விளம்பரமும் பெருகியது. 1966இல் கிளைமர் 'சைக்கிள்' இதழை நியூயார்க்கின் ஜிஃப் டேவிஸ் நிறுவனத்துக்கு விற்றார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வெடுப்பார் என்று நினைப்போம். அவர் வண்டி கட்டப் போனார்.

இந்த இடத்தில் ரெட்டிச்சும் சென்னையும் கதைக்குள் வருகின்றன. 1955இல் ரெட்டிச்சிலிருந்து புல்லட்டுகள் இரண்டு திசைகளில் புறப்பட்டன. 350 சிசி புல்லட்டின் பாகங்கள் கோப்பதற்காகச் சென்னைக்கு வந்தன. அதே ஆண்டு, இந்தியன் பெயரை அப்போது வைத்திருந்த பிராக்ஹவுஸ் நிறுவனம் என்ஃபீல்ட் வண்டிகளுக்கு வேறு நிறமும் பெட்ரோல் டேங்கில் வேறு பெயரும் கொடுத்து அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 500 சிசி புல்லட் அங்கே 'இந்தியன் உட்ஸ்மன்' ஆயிற்று. 700 சிசி வண்டி 'ட்ரெயில்பிளேசர்' ஆயிற்று. 1960 வரை இது நடந்தது. பிறகு அந்த ஏற்பாடு கலைந்து, இந்தியன் பெயர் கேட்பாரற்றுக் கிடந்தது. 1963இலிருந்து கிளைமர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். முறையான உரிமையாளரிடமிருந்து அவர் அதை வாங்கியதற்கான தடயம் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரை விற்றுப் பிழைத்தவர் என்ற உறவு மட்டும் இருந்தது.

பெயர் மட்டும் வண்டியாகிவிடாது. கிளைமரிடம் தொழிற்சாலை இல்லை. எனவே உலகம் முழுக்கத் தேடினார். இத்தாலியின் பொலோனியாவில் லியோபோல்டோ தர்தரீனி நடத்திய இட்டால்ஜெட், மினரெல்லி எஞ்சின் போட்டுச் சின்னஞ்சிறு வண்டி செய்து கொடுத்தது. 'பப்பூஸ்' என்று விற்றார். ஜெர்மனியில் ஃப்ரீடல் மூன்ஷ், என்எஸ்யு காரின் நாலு சிலிண்டர் எஞ்சினை மோட்டார் சைக்கிளில் ஏற்றி 1966இல் ஒரு பிரம்மாண்டத்தை உருவாக்கியிருந்தார். அதற்குக் கிளைமர் பணம் போட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அதே மூன்ஷைக் கொண்டு பழைய இந்தியன் ஸ்கவுட்டைப் புதுப்பித்து மாதிரி வண்டியும் செய்யவைத்தார். பர்மிங்காமில் வெலோசெட் கம்பெனியிடம் 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் வாங்கி, பொலோனியா ஃபிரேமில், மர்சோக்கி முன் ஃபோர்க்கோடு 'இந்தியன் வெலோசெட்' கட்டினார். அதில் சுமார் இருநூறு வண்டி அமெரிக்கா போயிற்று; ஐம்பதை லண்டன் வெலோசெட் டீலர் ஜெஃப் டாட்கின் எடுத்து விற்றார். அடுத்தது என்ஃபீல்ட். இரண்டாம் வரிசை இன்டர்செப்டர் எஞ்சின், அதே தர்தரீனியின் ஃபிரேம், டேங்கில் இந்தியன் பெயர்.

இந்த வண்டிகளின் பட்டியலை ஸ்கிராப்புக் தொகுதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு விடை கிடைத்தது. பத்திரிகைக்காரர் ஏன் எஞ்சின் வாங்கினார் என்ற என் கேள்வியே தொழிலை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததால் எழுந்தது. கிளைமருக்கு அது ஒரே தொழில். 1944இல் மறைந்த கம்பெனிகளின் பக்கங்களை வெட்டி ஒட்டிப் புத்தகமாக்கினார். 1969இல் மறையப்போகும் கம்பெனிகளின் எஞ்சின்களை எடுத்து, வேறொரு நாட்டு ஃபிரேமில் பூட்டி, மறைந்த ஒரு கம்பெனியின் பெயரை எழுதினார். இரண்டிலும் அவர் செய்தது தொகுப்பாசிரியர் வேலை.

புத்தகத்தில் ஜெயித்த முறை வண்டியில் ஜெயிக்கவில்லை. பழைய விளம்பரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி அச்சிடலாம். எஞ்சினை யாராவது தொடர்ந்து வார்த்துக் கொடுக்க வேண்டும். என்ஃபீல்டின் ரெட்டிச் வேலைகள் சுருங்கி, 1967இலிருந்து இன்டர்செப்டர் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் அருகே ஒரு நிலத்தடிக் கல்குவாரித் தொழிற்சாலையில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அதுவும் 1970இல் நின்றது. வெலோசெட் 1971இல் மூடப்பட்டது. இதற்கிடையில் 1969இல் ஹோண்டா தன் நாலு சிலிண்டர் 750ஐச் சந்தைக்குக் கொண்டுவந்து பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர்களின் காலத்தை முடித்துவைத்தது. கிளைமர் 1970 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். வயது 74.

அவர் விட்டுப்போன இந்தியன் பெயரை மனைவி லாஸ் ஏஞ்சலஸ் வழக்கறிஞர் ஆலன் நியூமனுக்கு விற்றார். நியூமன் தைவானில் சிறு வண்டிகள் செய்தார். 1977இல் அந்தக் கம்பெனி திவாலானது. அதன்பின் பெயருக்கு உரிமை கோரியவர்கள் பெருகி, வழக்கு கொலராடோவின் டென்வர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1998 வரை இழுத்தது. கிளைமர் வளர்ந்த மாநிலத்தின் தலைநகரில், அவர் தொடங்கி வைத்த குழப்பத்துக்கு நீதிமன்றம் முடிவு கட்டவேண்டி வந்தது. 2011இல் அந்தப் பெயர் போலாரிஸ் நிறுவனத்திடம் சென்றது.

'சைக்கிள்' இதழ் 1991இல் நின்றது. கிளைமர் கையேடுகள் கைமாறிக் கைமாறி 2013இல் ஹேய்ன்ஸிடம் சேர்ந்தன. அவர் பெயர் இன்னும் மெக்கானிக்குகளின் அலமாரியில் இருக்கிறது. இன்டர்செப்டர் என்ற பெயரைச் சென்னை ராயல் என்ஃபீல்ட் 2018இல் தன் 650 சிசி வண்டிக்கு மறுபடி சூட்டியது. அந்தப் பெயர் முதலில் பிறந்ததே அமெரிக்கச் சந்தைக்காகத்தான். ஆனால் அமெரிக்காவில் ஹோண்டா அதைத் தன் வர்த்தக முத்திரையாக வைத்திருப்பதால் அங்கே இந்த வண்டி 'ஐஎன்டி 650' என்றுதான் விற்கிறது.

லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பதிப்பாளரை அவர் புத்தகத்தின் முகவரி வரியைக் கொண்டே என்னால் தொடர முடிந்தது. நான் தேடத் தொடங்கிய திருவொற்றியூர் கதைக்கு அப்படிக் காகிதம் சேர்ந்து கிடைக்கவில்லை. 1950களிலும் 60களிலும் இங்கே அச்சான என்ஃபீல்ட் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள், டீலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகள், சோழவரம் பந்தய மலர்கள், விலைத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் தனியார் வீட்டுப் பரண்களிலும் மெக்கானிக் ஷெட்டுகளின் மூலையிலும்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும், எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை. படத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் புத்தகத்தையும், அச்சக முகவரி இருக்கும் கடைசிப் பக்கம் உட்பட, அப்படியே வைத்திருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள்.